ஸ்டோரில் மாட்டியிருந்த இன்னொரு போன்

மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் குரல் திடீரென்று ஒரு படி இறங்கும். ரேடியோவின் திருகை யாரோ கொஞ்சம் பின்னால் திருப்பியது போல இருக்கும். கூடவே ஓர் உறுமலும் சேர்ந்துகொள்ளும். அது ஏலக்காய் ஸ்டோரில் ஓடும் பெரிய விசிறியின் சத்தம். அதைக் கேட்டதும், சம்பந்தியம்மா அங்கே சுவரில் மாட்டியிருக்கும் இன்னொரு போனை எடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மகளைக் கட்டிக் கொடுத்தது போடிமெட்டு தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து மண்பாதையில் ஜீப்பு மட்டுமே ஏறக்கூடிய ஒரு சிறிய எஸ்டேட்டில். நாங்கள் கீழே போடியில். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நாங்கள் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் அவள் இருக்கும் மலை தெரியும். பெரும்பாலும் மேகம்தான் தெரியும், அதற்குள் எங்கோ அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வீட்டில் செல்போன் எடுக்காது. தோட்டத்து மேல்கோடியில் ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். அதனால் அங்கே எல்லாப் பேச்சும் பழைய கம்பி போனில்தான். ஒரே லைன், இரண்டு செட்டு. ஒன்று வீட்டு ஹாலில். மற்றொன்று ஸ்டோரில், அதாவது பச்சைக் காயை விறகு போட்டுச் சூடுகாட்டி உலர்த்துகிற கட்டடத்தில். போடி வியாபாரிகளிடம் அன்றைய விலை கேட்க வசதியாக இருக்கட்டும் என்று சம்பந்தி உயிரோடு இருந்தபோது அங்கே வயர் இழுத்தாராம். அவர் போன பிறகு ஸ்டோரில் உட்காருவது சம்பந்தியம்மாதான். காய் உலரும்போது சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஆள் கூடவே இருக்க வேண்டும்.

என் மகள் தினமும் சாயந்திரம் கூப்பிடுவாள். நான் டீயை ஆற்றிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் உண்டானதிலிருந்து அந்த அரை மணி நேரத்துக்காகவே மீதி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். அந்த அரை மணி நேரத்தில்தான் குரல் இறங்கும்.

ஒருநாள் சொன்னாள், "வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலம்மா. நெத்திலிக் கருவாடு சுட்டு, பழைய சோத்து நீச்சத் தண்ணியோட குடிச்சா நல்லாருக்கும்போல இருக்கு." அப்போது விசிறிச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நான் மறுநாளே கருவாடு வாங்கி, மண் போக உதறி, டப்பாவில் போட்டு வைத்தேன். அன்று சாயந்திரம் போனில் அவள் குரலே வேறாக இருந்தது.

"அம்மா, அத்தை இன்னைக்கு என்ன செஞ்சாக தெரியுமா? கருவாடு. காலைல ஜீப்புக்காரர்ட்டச் சொல்லிவிட்டு போடியிலிருந்து வாங்கியாரச் சொல்லிருக்காக. நான் வாயே தொறக்கல. அவுகளுக்கு எப்படித்தான் தெரியுதோ."

எங்கள் தெருக் கடையில்தான் வாங்கியிருக்கிறார்கள். என் டப்பா அடுக்களை மேல் பலகையில் அப்படியே இருந்தது. பூனை வராமல் இருக்க மேலே கல் வேறு வைத்திருந்தேன்.

கால் உளைச்சல் என்று என்னிடம் சொல்வாள். அடுத்த நாள் அத்தை நல்லெண்ணெய் சூடுபண்ணித் தடவியிருப்பார். குளிருது என்று என்னிடம் சொல்வாள். அத்தை தன் கம்பளியை எடுத்துக் கொடுத்திருப்பார். நான் பெற்று, நான் கேட்டு, நான் கவலைப்பட்டு, பேர் வாங்குவது அந்த அம்மா. எட்டாவது படித்தவர். குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். சண்டைக்காரியாக இருந்திருந்தால் ஊரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

"உங்க அத்தை ஒட்டுக் கேக்குறாக" என்று ஒருமுறை மகளிடமே சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். "வெலை கேக்க எடுத்துருப்பாகம்மா. நம்ம பேசுறதக் கேட்டதும் வச்சிருப்பாக."

என் வீட்டுக்காரரிடம் சொன்னால், கையிலிருந்த ஸ்பேனரைக் கூடக் கீழே வைக்காமல், "நீங்க என்ன ராணுவ ரகசியமா பேசுறீங்க? புடலங்கா பொரியலத்தான பேசுறீங்க. கேட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

புடலங்காய் பொரியல்தான். ஆனால் அது என் புடலங்காய் பொரியல்.

பைபர் வருகிறது என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. பழைய செம்புக் கேபிளை இனிமேல் பார்க்க மாட்டார்களாம். மழைக்கு இணைப்பில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதோடு சரி. பதிலுக்குக் கண்ணாடி இழை இழுத்து, வீட்டில் ஒரு பெட்டி வைப்பார்கள். அதே நம்பர், இன்டர்நெட் வழியாகப் பேசும். வீட்டுக்குள் வைபையும் வரும், செல்போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம். அதாவது அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் முகம் பார்ப்பதற்காக அல்ல.

"லைன்ல ஒரே கரகரப்பு மாப்ள. வெரசா மாத்திருங்க. பிள்ளைத்தாச்சி இருக்குற வீடு" என்று மருமகனிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கும் ஆசைதான். மகளுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது லைன்மேன் வந்தார். தற்செயலாக நானும் அன்று மேலே போயிருந்தேன். தற்செயல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

லைன்மேன் ஹாலில் டிவி பலகையில் பெட்டியை வைத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். "ஒண்ணு சொல்லிர்றேன். பழைய போனுக்குக் கம்பி வழியாவே கரண்டு வந்துரும். இதுக்கு வீட்டுக் கரண்டு வேணும். இன்வெர்ட்டர் பிளக்குல சொருகிக்கங்க" என்றார். இன்வெர்ட்டர் பிளக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. வயர் எட்டவில்லை. "அப்புறம் மாத்திக்கலாம்ணே" என்றார் மருமகன். மலையில் அப்புறம் என்றால் ஏலக்காய் சீசன் முடிந்து என்று அர்த்தம்.

"ஸ்டோருல ஒரு செட்டு இருக்கே, அதுக்கும் இதுலருந்து இழுத்துரவா?" என்று லைன்மேன் கேட்டார்.

சம்பந்தியம்மா கதவருகில் நின்றிருந்தார். மருமகன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "அது எதுக்கு? இனி எல்லாரும் செல்லுலயே பேசிக்கலாமே. வெலையெல்லாம் இப்ப செல்லுலயேதான் வருது."

"ஆமா, அது எதுக்கு?" என்றார் சம்பந்தியம்மா. காயைக் கிளறிவிடும் சோலி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது எனக்கு ஒரு தம்ளர் காபி வைத்துவிட்டுப் போனார். ஏலக்காய் தட்டிப் போட்டது. நான் அதைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு மிக நல்ல நாட்கள். குரல் இறங்கவே இல்லை. விசிறி உறுமவே இல்லை. மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, செல்போனை வயிற்றின்மேல் நிறுத்திவைத்து, என்னோடு மட்டும் பேசினாள். "கதவச் சாத்திட்டியா?" என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். அத்தை புதிதாக ஏதும் செய்து கொடுத்த கதை வரவில்லை. "இப்பல்லாம் அத்தை எம் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்காகம்மா. என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காக" என்றாள்.  அன்று நான் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்புப் போட்டு அழைத்து வருவதாக இருந்தது. காயெடுப்பு மும்முரம், ஆள் ஒழியாது, ஒன்பதில் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். எட்டாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரியை வீடு மாற்றக்கூடாது என்பது இரண்டு வீட்டு வழக்கமும்தான். அதனால் எட்டு முழுக்க அவள் மேலேயே இருக்க வேண்டியதாயிற்று. என் வீட்டில் அவளுக்கென்று அறை ஒழித்து, கொசுவலை கட்டி, தொட்டில் கம்பியைக்கூடத் துடைத்து வைத்தாயிற்று. அந்த அறையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதத்தை அந்த அம்மா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாகவே தோன்றும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். ஒரு சாயந்திரம் மகள் சொன்னாள், "மண்டை வலிக்குதும்மா. விடவே மாட்டேங்குது. அத்தைகிட்டச் சொல்லாத, ஸ்டோருல காய் கெடக்கு, அவுக போட்டது போட்டபடி ஓடியாந்துருவாக."

என்னிடம் மட்டும் சொல்கிறாள். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்றால், தலைவலி அதற்குப் பின்னால் போய்விட்டது. சுக்கை உரசிப் பற்றுப் போடு, வெளிச்சம் படாமல் படு என்றேன். மறுநாளும் வலி என்றாள். பனிதான் என்றேன்.

அதற்கும் மறுநாள் மழையால் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டாள். முகம் ஒருமாதிரி ஊதியிருந்தது. செல்போனின் கோணம் என்று நினைத்தேன்.

"அம்மா, கண்ணுக்கு முன்னால என்னமோ பூச்சி பறக்குறாப்ல மினுமினுன்னு வருது. மேல்வயிறு..."

அவ்வளவுதான். படம் நின்றது. வாய் பாதி திறந்தபடி அவள் முகம் அப்படியே உறைந்து, பிறகு அதுவும் போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. வீட்டு நம்பருக்குப் போட்டேன். மணியே அடிக்கவில்லை. முன்பெல்லாம் மலையில் கரண்டு போனால் அவள் இருட்டில் உட்கார்ந்து ஆற அமரப் பேசுவாள். கரண்டு போனால் பேச்சும் போகும் என்பதை அன்றுதான் என் புத்தி வாங்கியது. மருமகன் காய் லோடோடு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்துக்குப் போயிருந்தார். அவர் செல் அடித்துக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மெட்டு வரை வரலாம், மண்பாதையில் ஏறாது என்றார்கள். என் வீட்டுக்காரர் ஏதோ கிணற்றில் மோட்டார் இறக்கப் போயிருந்தார்.

அந்த நிமிஷத்தில் உலகத்தில் என் மகளின் உடம்புக்கு என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் ஆசைப்பட்டது அதைத்தான். நானோ கீழே இருந்தேன்.

குடைகூட எடுக்காமல் ஜீப்பு ஸ்டாண்டுக்கு ஓடினேன். காலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பகலில் கீழே வந்து நிற்கும். ஆட்களைத் திரும்பக் கூட்டிவர மத்தியானத்துக்குமேல் காலியாக ஏறும். ஒரு டிரைவரிடம் சொன்னேன். அவர் இலையில் பாதிச் சோற்றை அப்படியே மடித்துவிட்டு எழுந்தார்.

"ஏறுங்கத்தை. முன்னாடி உக்காருங்க, பின்னாடி ஒழுகும்."

வளைவுக்கு வளைவு நான் செல்லைப் பார்த்துக்கொண்டே போனேன். "அத்தை, அத வச்சிருங்க. மேல போகப்போக அது செத்துரும்" என்றார் டிரைவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்துரும்னா டவர் இருக்காதுன்னு சொன்னேன்" என்றார்.

வீட்டில் விளக்கு இல்லை. மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தச் சொன்ன கதவு. தள்ளித் திறந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டதற்கு "ம்" என்றாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்தாளா என்று தெரியவில்லை.

ஸ்டோருக்கு ஓடினேன். விசிறி நின்றுபோனதால் சம்பந்தியம்மா அடுப்பு வாயில் குந்தி, சூடு குறையாமல் இருக்க விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகமெல்லாம் கரி.

"என்ன மதினி, சொல்லாம கொள்ளாம இந்த மழையில? பிள்ள தூங்குதுன்னு நான் எழுப்பாம இருக்கேன். கதவச் சாத்தியிருந்துச்சு."

நான் சொன்னேன். தலைவலி, கண்ணில் மினுமினுப்பு, மேல்வயிறு.

"எப்பருந்து?"

"முந்தாநாச் சாயந்திரத்துலருந்து."

அவர் கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். ஸ்டோர் முழுக்கப் பச்சைக் காய் கிடந்தது. ஒருமுறைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த பழைய போனை. அதன்மேல் காய்த் தூசி படிந்திருந்தது. பிறகு எனக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினார்.

ஜீப்பில் ஏற்றும்போது அவர்தான் முதலில் பின்னால் ஏறி, கையை நீட்டி அவளை வாங்கினார். அதனால் என் மகளின் தலை அவர் மடிக்குப் போயிற்று. கால்கள் என் மடியில். வீங்கியிருந்தன. விரலால் தொட்டால் குழி விழுந்தது, எழவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் முனகுவாள். அந்த அம்மா, "இந்தா வந்துருச்சுத்தா, இந்தா வந்துருச்சு" என்பார். மகள் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துச் சுருட்டி வைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தத் தலை என் மடியில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

தேனியில் ஆஸ்பத்திரியில் நேரே உள்ளே கொண்டுபோனார்கள். பிரஷர் மிக அதிகம், வலிப்பு வருகிற கட்டம், பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. மருமகனும் என் வீட்டுக்காரரும் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் சேலையில் இன்னும் ஏலக்காய் வாசமும் புகையும் இருந்தன.

வெகுநேரம் கழித்து அவராகப் பேசினார்.

"முன்னயெல்லாம் நான் போன எடுத்துக் கேப்பேன் மதினி. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க மக எங்கிட்ட 'சரிங்கத்தை', 'ஆகட்டும் அத்தை', இந்த ரெண்டுதான். என்ன கேட்டாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்லும். உங்ககிட்டப் பேசும்போது கேக்கணுமே. அந்தச் சிரிப்பென்ன, அந்தக் கொஞ்சலென்ன. நம்ம வீட்டுலதான் இருக்கு, நமக்கு ஒண்ணும் தரமாட்டேங்குதேன்னு எனக்கு வயிறு எரியும். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஏதாச்சும் செஞ்சு கொடுத்தா, அன்னைக்கு மட்டும் எம் முகத்தப் பாத்துச் சிரிக்கும்."

 அவருக்கும் எரிந்திருக்கிறது என்று கேட்டபோது எனக்கு ஒரு கணம் குளிர்ந்தது உண்மை. அதற்கடுத்த கணமே உள்ளே இருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி கத்துவது போல மெலிசாக. இருவரும் ஒன்றாக எழுந்தோம்.

பேத்தி. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மகளுக்கு பிரஷர் இறங்க நாள் பிடித்தது. இப்போது இருவரும் நான் ஒழித்து வைத்த அறையில் இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறார்கள். ஆனால் கரண்டு போனால் இன்றும் என் கை செல்லைத் தேடுகிறது. மகள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தும், எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தால்தான் நெஞ்சு அடங்குகிறது. மலையில் அந்த வீட்டில் இனி எந்தக் கதவும் சாத்தக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேலே மருமகன் பெட்டிக்குத் தனி பேட்டரி வைத்துவிட்டார். ஸ்டோருக்கும் திரும்ப வயர் இழுத்தாயிற்று. சம்பந்தியம்மா தினமும் சாயந்திரம் அங்கிருந்து கூப்பிடுகிறார், எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்கு. மகள் ஹாலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசுகிறாள். முன்பு இரண்டு வார்த்தையோடு நிறுத்தியவள் இப்போது மணிக்கணக்காகப் பேசுகிறாள். "அத்தை, இவளுக்கு உங்க மூக்கு" என்கிறாள். சிரிக்கிறாள். நான் அடுக்களையில் நின்று காதைத் தீட்டுகிறேன். என் காலத்து அரை மணி நேரம் இப்போது அந்த அம்மாவுக்குப் போய்விட்டது.

போன வாரம் எங்கள் வீட்டிலும் கம்பியை எடுத்துவிட்டு பைபர் போட்டார்கள். அடுக்களைக்கு இன்னொரு செட்டு இழுக்க முடியுமா என்று லைன்மேனிடம் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேக்கத்தான்" என்றேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எடுத்தா குரல் கொறையுமா?" என்று லைன்மேனிடம் விசாரித்துக்கொண்டேன். "பழைய கம்பியிலதான்க்கா கொறையும். இதுல அவ்வளவா தெரியாது" என்றார்.

நேற்றுச் சாயந்திரம் அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு, மெதுவாக அதை எடுத்துக் காதில் வைத்தேன். ஸ்டோர் விசிறி உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது, என்ன செய்வது என்று என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் அதைக் கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

மலையில் பேச்சு நின்றது.

"மதினி" என்றார் சம்பந்தியம்மா.

நான் போனின் வாயைக் கையால் பொத்தினேன்.

"குக்கர அமத்திட்டு வாங்க. பிள்ளைக்குச் சளின்னு சொல்லுது. உங்களுக்கும் தெரியணும்ல."